பின்பக்கம்

முப்பத்திரண்டு சீட்டு.
வெங்காயம் பத்து, மாசி எட்டு, கறுவா ஆறு,
குடை நாலு, கப்பல் மூன்று,
மழை ஒன்றே ஒன்று.
ஆமர் வீதி அச்சகத்தில்
மூலையில் தேங்கிக் கிடந்த கலியாணக் கார்டுகளை
நான்தான் வெட்டு மெஷினில் கொடுத்து
உள்ளங்கை அளவுக்கு நறுக்கினேன்.
வெறும் பக்கத்தில் மார்க்கரால் சரக்கை எழுதினேன்.
மாசிக்குப் பக்கத்தில் ஒரு மீன் கீறிப் பார்த்தேன்,
செருப்பு மாதிரி வந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டு பேருக்கான ஆட்டம்.
ஆளுக்கு ஐந்து சீட்டு,
நடுவில் மூன்று நிமிர்ந்து கிடக்கும், அது பஜார்.
ஒன்றை எடு, எடுத்த இடத்தைக்
கவிழ்ந்த கட்டிலிருந்து நிரப்பு.
ஒரே சரக்கு மூன்று சேர்ந்தால் விற்கலாம்.
கப்பல் வந்தால் வெங்காயம் பாதி விலை
(கொழும்பில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை).
மழை வந்தால்
குடை இல்லாதவர் கையிலிருப்பதெல்லாம் நனைந்து நாசம்.

எதிரில் சகாயநாதன், மெஷின்காரர்.
நகக்கண்ணில் எந்நாளும் நீல மை.
பகல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம்:
சோற்றுப் பார்சலுக்குப் பத்து நிமிடம்,
மிச்சம் ஆட்டத்துக்கு.
பிரிக்காத பேப்பர் ரீம்கள்தான் மேசை.
அவர் பேசமாட்டார். "ம்" என்பார்.
எடுப்பதற்கும் விற்பதற்கும்
வென்றதற்கும் அதே "ம்".

முதல் கிழமை அவர் வென்றார்.
சரி, அதிர்ஷ்டம்.
இரண்டாம் கிழமை கறுவாவின் விலையைக் குறைத்தேன்,
பஜாரை நான்காக்கினேன்.
வென்றார்.
மூன்றாம் கிழமை
மழைக்குச் சரியாக ஒரு முறை முன்னால்
குடையை எடுத்து வைத்துக்கொண்டு
மிச்சமிருந்த அப்பளத்தை நொறுக்கினார்.
வானிலை நிலையத்துக்கே தெரியாதது
இந்த மனிதருக்கு எப்படி?

அன்றைக்குத்தான் கவனித்தேன்.
அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
என் சீட்டுகளின் முதுகைப் பார்க்கிறார்.

திருப்பினேன்.
பொன் எழுத்தில், துண்டு துண்டாய்,
திருநிறைச்செ
லோசனா அவர்கள
பிள்ளையாரின் தும்பிக்கை மட்டும்
கால் முறிந்த "முகுர்த்தம்"
பம்பலப்பிட்டி மண்டபமொன்றின் பாதி வாசல்.
முப்பத்திரண்டும் முப்பத்திரண்டு விதம்.
ஆட்டத்தை உருவாக்கினேன் என்ற பெருமையில்
நான் சரக்குப் பக்கத்தை மட்டும் பார்த்தேன்.
மற்றப் பக்கம் அவர் அடித்தது.

"தும்பிக்கை?" என்றேன்.
"மாசி."
"ஒன்பது பதினைந்து?"
"வெங்காயம்."
"மழை எது?"
கொஞ்ச நேரம் எடுத்தார்.
"அந்தக் கார்டில பிழை ஒண்டும் இல்ல.
ஐந்நூறும் சரியாத்தான் அடிச்சது.
கலியாணம்தான் நிண்டுபோச்சு.
எடுக்க ஆரும் வரேல்ல."
மூன்று கிழமையில்
அவர் பேசிய ஆக நீளமான பேச்சு.

புதிதாக வெட்டலாம்தான்.
ஆனால் வெள்ளை அட்டையின் விலை
எத்தனை கப்பல் வந்தும் குறையவில்லை.
கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
மட்டக்குளி பஸ்ஸில் நின்றபடி
முதுகு முதுகாய்ப் பாடமாக்கினேன்.
பக்கத்தில் நின்ற பெண்மணி
எனக்கு எத்தனை கலியாணமோ என்று பார்த்தார்.

திங்கட்கிழமை.
எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.
ஒளிக்க ஒரு சீட்டும் இல்லை,
இனி என்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.
அன்றைக்குப் பார்த்து அவர் யோசித்தார்.
நீல நகத்தால் பஜாரின் ஓரத்தைச் சுரண்டினார்.
கட்டின் மேலே அந்த வராத கலியாணம்.
மூன்று குடை ஏற்கெனவே விற்றாகிவிட்டது.
நாலாவது பஜாரில், அவர் கைக்குக் கிட்ட.
முறை அவருடையது.
எடுத்தால் நான் நனைவேன். அவ்வளவுதான்.

"ம்" என்று
வெங்காயத்தை எடுத்தார்.

மழை நிமிர்ந்தது.
என் மாசி, அவருடைய கறுவா
எல்லாம் போயிற்று.
குடை நடுவில் கிடந்தது, ஒருவருக்கும் இல்லாமல்.
அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு
மெஷினைப் போடப் போய்விட்டார்.

எட்டு விதிகள் எழுதி வைத்திருந்தேன்.
இரண்டு பேரும் நனைந்தால் யாருக்கு வெற்றி
என்று அதில் இல்லை.
ஒன்பது என்று இலக்கம் போட்டுப்
புள்ளியும் வைத்துவிட்டேன்.
அதற்குப் பிறகு
மெஷின் சத்தத்தில்
ஒன்றும் எழுத வரவில்லை.